உறை பிரிக்கும் நாள்

“உன் பாட்டில்ல இருக்கிறது வெறும் மாவுடி. அசல் மருந்து என்னோடதுலதான்” என்றார் கணவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் மூச்சு வாங்கியபடி.

பஞ்சாலையில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட தம்பதி அவர்கள். புது மருந்து ஆராய்ச்சிக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது ஆறு மாதமாக யாருக்கும் தெரியாது. இன்றுதான் அந்த விவரம் வைத்து ஒட்டிய உறையைப் பிரிக்கிறார்கள்.

“ரெண்டு மாடி ஏறி வந்தேன், பார்த்தியா?”

“பார்த்தேன். நாலு தடவை உட்கார்ந்தீங்க” என்றாள் மனைவி.

டாக்டர் உறையைப் பிரித்துப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“ஐயாவுக்குத்தான் மருந்து கொடுத்திருக்கோம். அம்மாவுக்கு மாவு. ஆனா அம்மா நல்லா இருக்காங்க, உங்களுக்கு இன்னும் இழுக்குது. மத்த எல்லாருக்கும் கேட்ட மருந்து உங்க வீட்டுல மட்டும் ஏன் தலைகீழா வேலை செஞ்சிருக்கு?”

பெருமையில் நிமிர வேண்டிய கணவர் தரையைப் பார்த்தார்.

“இவருக்கு எப்பவும் என் கையில இருக்கிறதுதான் ஒசத்தி, டாக்டர்” என்றாள் மனைவி. “முதல் நாளே, நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, ரெண்டு பாட்டில் மாத்திரையையும் மாத்திக் கொட்டி வெச்சுட்டாரு.”

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரிஞ்சும் ஏண்டி வாயைத் திறக்கல?”

“சண்டை போடணும்னுதான் இருந்தேன். பத்தாம் நாள் என் இருமல் நின்னுடுச்சு.”