குலுக்கக் கூடாத மருந்து

இந்தக் காலத்தில் எதையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நேற்று வாங்கிய செருப்பை. மீந்த சோற்றை. கட்டின பெண்டாட்டியை.

அவளும் போட்டாள்.

என் பேத்திக்கு ஏற்ற வேண்டிய மருந்தை. ஆஸ்பத்திரியின் மஞ்சள் வாளிக்குள். என் கண் முன்னால்.

நர்ஸ் பெண் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. எல்லா மருந்தையும் குலுக்குவது போல அந்தக் குப்பியையும் குலுக்கினாள். கைப்பழக்கம். "குலுக்காதே" என்று மருந்தோடு வந்திருந்த அந்தம்மா ஓடி வருவதற்குள் உள்ளே நுரை கட்டிவிட்டது.

அவள் டாக்டர் இல்லையாம். மருந்தைச் செய்தவளாம். முதல்முதலாக ஒரு குழந்தைக்கு ஏற்றுவதைப் பார்க்க வந்திருந்தாள்.

பேத்தி கட்டிலில் கிடந்தாள். ஒரு கரண்டி பருப்பு தின்றால் போதும், அது அவள் உடம்பில் விஷமாகிவிடும். மூளைக்கு ஏறும். கல்லீரலுக்குள் பிறவியிலேயே ஏதோ பிசகு. அதைச் சரிசெய்யும் மருந்துதான் வாளியில் கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நான் முட்டை லாரி ஓட்டுனவன். நாமக்கல்லுல ஏத்துனா கொச்சிலதான் எறக்குவேன். வண்டி குலுங்கிருச்சுன்னு ஒரு லோடக்கூட ரோட்டுல கொட்டுனதில்ல."

அவள் கோபப்படவில்லை.

"ஒடஞ்ச முட்டைய என்னங்கய்யா பண்ணுவீங்க?"

"அது ஒடஞ்சா கண்ணுக்குத் தெரியும்."

"இது தெரியாதுங்க."

பொடிப்பொடியான கொழுப்பு உருண்டைகளாம். அதற்குள் மருந்தைப் பொதிந்து ரத்தத்தில் விட்டால், கல்லீரலுக்குப் போய் உள்ளே நுழைந்து, அங்கேதான் உடையுமாம். குலுக்கலில் முன்னாடியே உடைந்தால் வீண். தலை கறுப்பாக இருந்தபோது தொடங்கிய வேலையாம். வெகுகாலம் எலிக்குக்கூட ஒழுங்காகப் போய்ச் சேரவில்லையாம்.

இப்போது தலை முழுக்க வெள்ளை.

நம்புகிற மாதிரியா இருக்கிறது? கொழுப்புக்குக் கண்ணா இருக்கிறது?

இன்னொரு குப்பி இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. உறைந்திருந்தது. இளகும்வரை அவள் அதன் பக்கத்தில் நின்றாள்.

இளகியதும் அந்த நர்ஸ் பெண்ணிடமே நீட்டினாள்.

நர்ஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் மேடம். நீங்களே எடுங்க."

"இவகிட்டயேவா? உனக்கென்ன கிறுக்கா?" என்றேன்.

"எல்லா ஊருக்கும் நானா போய் ஏத்த முடியும்? இந்தப் புள்ளைங்கதான ஏத்தணும்."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

மெதுவாகக் கவிழ்த்தாள்.

நிமிர்த்தினாள்.

மறுபடி கவிழ்த்தாள்.

நுரை இல்லை.

முதல் சொட்டு விழுந்தது. பேத்தி கண் திறந்து குழாயைப் பார்த்தாள்.

"தாத்தா, இது எங்க போகுது?"

"கல்லீரலுக்காம்."

"அதுக்கு வழி தெரியுமா?"

"அந்தம்மாவக் கேளு சாமி."

நாற்காலியை விட்டு எழுந்தேன். காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

கதவருகே மகள் மறித்தாள்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க? பெத்தவ என்னை நம்பியே ஒரு நிமிசம் இவள விட்டுட்டுப் போகமாட்டீங்களே?"

"டீ குடிக்க."

நம்பிக்கையெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.