ஜாடியின் மறுபக்கம்

இத்ரீஸ் என்ற குயவர் செய்த ஜாடி அது. பளபளக்கும் மெருகுக்குள் தீட்டிய ஓவியங்களாக ஒரு பக்கம் மொராக்கோ நட்சத்திரம், மறுபக்கம் ஐரோப்பிய ரோஜா. முதுகும் முதுகுமாக இருந்ததால் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஊர்ப்பெருமை பேசிச் சண்டை போடுவதில் மட்டும் குறைச்சல் இல்லை.

அன்று சூளையிலிருந்து இறக்கிய ஜாடிகளை இத்ரீஸ் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கணீரென்றால் கடைக்கு. சத்தம் செத்திருந்தால் கொல்லைக் குப்பைக்கு.

ரோஜாவின் கடைசி இதழுக்கடியில் மயிரிழை போல ஒரு விரிசல். வண்ணம் தீட்டிய அன்றே அவளுக்குத் தெரியும். அன்றே வாயைத் திறந்திருந்தால் இத்ரீஸ் களிமண் வைத்து அடைத்திருப்பார். ஆனால் நட்சத்திரத்தின் காதில் விழுந்தால் மானம் போய்விடுமே!

கணீர். அடுத்ததும் கணீர்.

"உன் பக்கம் எல்லாம் சரியாத்தானே இருக்கு?" நட்சத்திரத்தின் குரல் நடுங்கியது.

"எனக்கென்ன குறை? உன் பக்கத்தைப் பாரு" என்றாள் ரோஜா.

"நான் கல்லு மாதிரி இருக்கேன்!"

விரல் வந்தது.

டொக்.

இத்ரீஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஜாடியைக் கொல்லையில் வீசினார். விழுந்த வேகத்தில் அது இரண்டாக உடைந்து, பாதிகள் எதிரெதிரே கிடந்தன. ரோஜா முதல்முறையாக நட்சத்திரத்தைப் பார்த்தாள். அவளிடம் தொடங்கிய விரிசல் அடிப்பாகத்தைச் சுற்றிக்கொண்டு அவனுடைய கீழ்முனை வரைக்கும் போயிருந்தது.

"நீயாவது முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.