கூடப் பிறந்தவன்

கழுத்தில் வீங்கியிருந்த நிணநீர் முடிச்சு ஒன்றுக்குள் காவலுக்குப் போனது ஒரு வெள்ளையணு. அங்கே புற்றாக மாறிப்போன இன்னொரு வெள்ளையணு ஓயாமல் இரண்டிரண்டாகப் பிளந்து, இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது.

“போதும், நிறுத்து,” என்றது காவல் அணு.

“அண்ணே, நாம ஒரே எலும்புக்குள்ள பிறந்தவங்க. என்னையா கொல்லப் போறீங்க?” என்று அது காவல் அணுவின் தோளில் கை வைத்தது.

கை பட்டதுமே காவல் அணுவுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. முன்னால் வந்த காவல் அணுக்களெல்லாம் இப்படித்தான் மயங்கி, சுற்றிலும் கிடந்தன.

காவல் அணு அந்தக் கையைத் தட்டிவிட்டது.

“கூடப் பிறந்தவனை நான் கேக்காம வேற யாருடா கேப்பாங்க?”

அதை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தியது.

மயங்கிக் கிடந்தவற்றில் மூன்று அணுக்கள் கண் விழித்தன. தள்ளாடித் தள்ளாடி வந்து, அந்தப் புற்றணுவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டன.