ஏழாம் நம்பரின் இடது கால்

"கண்ணு எங்க சார் இருந்துச்சு? பந்து மேலயா, கூட்டத்து மேலயா?"

ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த நடுவர் நிமிர்ந்தார். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து அரையிறுதி அப்போதுதான் முடிந்திருந்தது. நடுவர்கள் அறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்து நின்ற அந்த அம்மாவை அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை. படிக்கட்டில் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கினார்.

"தோத்த காலேஜ்காரங்க போலிருக்கு. ரெண்டு தடவை தலையாட்டி அனுப்பிடுங்க," என்று கூட்டாளி நடுவர் காதோடு காதாகச் சொன்னார்.

"அம்மா, மேட்ச் முடிஞ்சு போச்சு. இனிமே ரிசல்ட்டை மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லி யாரு கேட்டா? அந்த ஏழாம் நம்பரைப் பத்திச் சொல்லுங்க. பந்து கைக்கு வந்ததும் தட்டாமலே ஒரு அடி வச்சுட்டுத்தானே ஓடறான்? பாத்தீங்களா, இல்லையா?"

நடுவருக்குச் சுருக்கென்றது. பார்த்திருந்தார், அதுவும் பல தடவை. பந்தைத் தரையில் தட்டுவதற்கு முன்பே ஏழாம் நம்பர் ஊன்றிய இடது காலைத் தூக்கிவிடுவான். சட்டப்படி உடனே ஊதி, பந்தை எதிரணிக்குக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவன் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. அரங்கமும் அவன் கல்லூரியுடையது, கூட்டமும் அவனுடையது. அவனுக்கு எதிராக ஊதினால் முழுசாக வீடு போய்ச் சேர முடியாது.

நடுவர்களின் தரத்தை உயர்த்தியே தீருவது என்று சங்கம் இந்த வருடம் வகுப்பெல்லாம் நடத்தியது. திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் பயபக்தியோடு கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தார்கள். ஏழாம் நம்பர் விஷயத்தில் மட்டும் விசில் வாயிலேயே ஊறிக் கிடந்தது.

கூட்டாளி சமாளித்தார். "சின்ன விஷயம்மா. ஜனங்க பாயிண்ட் பாக்கத்தான் வர்றாங்க. சும்மா சும்மா ஊதிட்டிருந்தா ஆட்டமே கெட்டுப் போயிடும்."

"இங்க சின்ன விஷயம். பெரிய இடத்துக்குப் போனா ஒரே நிமிஷத்துல இவன் மானம் போயிடும், தெரியுமா?"

"அந்தப் பையன் மேல அப்படி என்னம்மா கோவம் உங்களுக்கு?"

"கோவமா? வயிறு எரியுது சார்!"

சொல்லிவிட்டு நடுவர் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு ஃபைனலுக்கும் நீங்கதானே? தப்புப் பண்ணா ஊதுங்க சார். கூட்டத்துக்குப் பயப்படாதீங்க. உங்க வேலையை நீங்க பாருங்க, அது போதும்."

அவர் போனதும் கூட்டாளி சிரித்தார். "ஊதிடாதீங்க சாமி. அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் ஆம்புலன்ஸ்தான்."

நடுவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் அவரைத் திட்டாத ஆள் கிடையாது. கண்ணைத் திட்டுவார்கள், பரம்பரையைத் திட்டுவார்கள். உருப்படியாகத் திட்டிய முதல் ஆள் இந்த அம்மாதான். ஏனோ அவர்மேல் நன்றியாக இருந்தது. ஆனால் நாளைக்கு ஊதும் தைரியம் வருமா என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் மாலை அரங்கம் பிதுங்கி வழிந்தது. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் பந்து ஏழாம் நம்பரின் கைக்கு வந்தது. இடது கால் எழும்பியது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றுகூட நடுவருக்கு ஒரு கணம் தோன்றியது.

ஊதிவிட்டார்.

ஏழாம் நம்பர் திருதிருவென்று விழித்தான். பிறகு கூரை பிய்த்துக்கொள்ளும்படி கூச்சல் கிளம்பியது. அடுத்த முறையும் ஊதினார். அதற்கடுத்த முறையும் விடவில்லை. கடைசி விநாடிகளில் ஒரே ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் ஏழாம் நம்பர் பாய்ந்து பந்தைக் கூடைக்குள் போட்டான். கூட்டம் குதித்தது. ஆனால் பந்து விழுவதற்கு முன்பே விசில் சத்தம் கேட்டிருந்தது. அந்தக் கூடை செல்லாது என்று நடுவர் கை காட்டினார். கோப்பை எதிரணிக்குப் போனது.

பறந்து வந்த தண்ணீர் பாட்டில்களுக்குத் தப்பி, நனைந்த சட்டையோடு பின்வாசல் வழியாக அவர் வெளியே வந்தபோது, வண்டிகள் நிறுத்துமிடத்தில் அதே அம்மா காத்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். "எத்தனையோ பேர்கிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்களே தவிர, ஒருத்தரும் ஊதல. உங்களை உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"நான்தாம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும். நேத்து நீங்க வந்து கத்தலேன்னா, கடைசி வரைக்கும் பயந்துகிட்டே காலத்தை ஓட்டியிருப்பேன். நானும் ஒரு நடுவர்னு சொல்லிக்க இன்னைக்குத்தான் எனக்குக் கூச்சமா இல்ல." வெகுநாள் கழித்து மனம் லேசானவராகச் சிரித்தார். "உங்க பசங்களைத் தோக்கடிச்சவன் இன்னைக்கு அழுதுட்டுப் போறான். இப்ப மனசு ஆறுச்சா?"

அந்த அம்மாவின் பார்வை நடுவரைத் தாண்டிப் போயிருந்தது.

நடுவர் திரும்பினார். அழுது வீங்கிய முகத்தோடு ஏழாம் நம்பர் நேராக அவர்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து நடுவர் ஓரடி பின்வாங்கினார்.

ஏழாம் நம்பர் அவரைத் தாண்டிப் போய், அந்த அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"நீ சொன்னப்பல்லாம் உங்கூட சண்டைதான் போட்டேன்மா... நாளைக்கு விடியறதுக்குள்ள என்னை எழுப்பி விடு, இந்தக் காலை முதல்ல சரி பண்ணணும்!"