சாயம் பூசிய குஞ்சுகள்

சந்தையில் சாயம் பூசி விற்ற மூன்று கோழிக்குஞ்சுகள், வாங்கிய வீட்டில் கவிழ்த்துவைத்த பஞ்சாரக் கூடைக்குள் கிடந்தன. அடைகாக்கும் மெஷினில் பொரித்தவை, தாய் முகம் பார்க்காதவை. சாயங்காலமானால் ஒரு பல்லி கூடைமேல் வந்து உட்காரும். மற்றப் பல்லிகள் பலன் சொல்லும், இது கேள்வி கேட்கும்.

அன்றைக்கு, "மழையில சாயம் போயிட்டா, அப்பவும் நீங்க நீங்கதானா?" என்று கேட்டது.

யோசித்துக்கொண்டே இருந்த பச்சைக் குஞ்சு அழுதுவிட்டது.

முற்றத்து வாத்துக்குக் கோபம் வந்தது. "தாயில்லாப் புள்ளைங்களுக்கு நாலு அரிசி போடுறதை விட்டுட்டு, தத்துவம் பேசி அழ வைக்கிறியா? போ அந்தப் பக்கம்."

பல்லி நகரப் பார்த்தது.

"நீ இரு," என்றது பச்சைக் குஞ்சு. பிறகு வாத்தைப் பார்த்தது. "பெரியம்மா, நாங்க வந்த நாள்லேருந்து அழுதுகிட்டுத்தான் இருக்கோம். நீங்க அரிசி போட்டு வாயை அடைச்சீங்க. இதுதான் எங்களைக் கேட்டுச்சு. பதிலுக்குக் காத்தும் இருந்துச்சு."

கண்ணீர் ஓடிய மார்பில் பச்சை கரைந்து மஞ்சள் தெரிந்தது. குஞ்சு அதைக் குனிந்து பார்த்துவிட்டுப் பல்லியிடம் சொன்னது:

"சாயம் போனாலும் நான்தான். என்னைக் கேக்காம இதைப் பூசினது யாரு? நாளைக்கு இதைப் பேசுவோம்."