பக்கத்து சீட்டுச் சிரிப்பு

“அந்த மாப்பிள்ளை வேண்டாம்” என்றார் ஏகப்பன்.

நிச்சயதார்த்தத்துக்கு நான்கே நாள் இருந்தது. “ஏன் அப்பச்சி?” என்றாள் மகள் தீக்ஷா.

“நேத்து தியேட்டர்ல பாத்தேன். போலீஸ்காரன் சேலை கட்டிக்கிட்டுத் துப்புத் துலக்குற படம். அம்புட்டும் ஆபாசம், எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. பக்கத்து சீட்டுல அவன் உருண்டு உருண்டு சிரிக்கிறான். இந்த ரசனைக்கா பொண்ணக் குடுக்குறது?”

தீக்ஷா அப்போதே மாப்பிள்ளை வைரவனை ஸ்பீக்கர் போனில் பிடித்தாள். “அந்தப் படத்துக்கா அப்படிச் சிரிச்சீக?”

“படமா? சகிக்கலை. பாதியில எந்திரிச்சிருப்பேன். ஒங்க அப்பச்சி ஒட்டு மீசையும் கூலிங்கிளாசுமா என்னைய வேவு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக. அதை விட்டுட்டு எப்புடி வர்றது?”

ஏகப்பன் மேலுதட்டைத் தடவினார். பசை இன்னும் போகவில்லை.

“பையனுக்கு ரசனை இருக்கு” என்றார்.