ஏழாவது கேள்வி

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு, மிஸ்டர் அக்ராய்ட்" என்றாள் நர்ஸ் லொரெய்ன்.

கையிலிருந்த மூச்சு மீட்டரை அவர் பக்கம் திருப்பினாள். சிவப்பு விளக்கு. பதினாறு. புகை பிடிக்காதவருக்கு ஆறைத் தாண்டக் கூடாது.

நெவில் அக்ராய்ட் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஊன்றுகோலின் மேல் தாடையை வைத்துக்கொண்டார்.

"நாலு மாசமாச்சு சிஸ்டர், ஒரு சிகரெட்டைத் தொட்டு."

காலையிலிருந்து லொரெய்ன் கேட்கும் ஐந்தாவது சத்தியம் இது. ஆபரேஷனுக்கு முன்னால் சிகரெட்டை விடச் சொன்னால், இந்த ஹாலிஃபாக்ஸ் ஊரில் எல்லோரும் விட்டுவிட்டதாகத்தான் சொல்கிறார்கள். ஊதச் சொன்னால் வண்டவாளம் வெளியே வந்துவிடும். பதினேழு வருஷ சர்வீஸில் அவளுக்கு மனுஷர்களைவிட மீட்டர் மேல்தான் நம்பிக்கை.

"இது மூணாவது தடவை. மூணு சிவப்பு வந்தா லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடணும். நான் போட்ட சட்டம் இல்ல இது. புகை பிடிச்சா தையல் ஆறாது, நெஞ்சுல சளி கட்டும்."

இடுப்பு மூட்டை மாற்ற அவர் பதினாலு மாதமாகக் காத்திருக்கிறார். மாடிப்படி ஏற முடியாமல் முன்னறை சோபாவிலேயே படுக்கை.

பக்கத்தில் அவர் மனைவி டோரீன். கைப்பையைத் துழாவி, தலைவலி மாத்திரை இரண்டைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

"நல்லாக் கேளுங்க சிஸ்டர். நான் சொன்னா எங்க ஏறுது? மணிக்கொரு தடவை பின்கதவைத் திறந்துகிட்டு வெளிய போறார். இந்தக் குளிர்ல, நொண்டிக்கிட்டு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"காத்து வாங்கத்தான் போறேன் டோரீன். உள்ள இருந்தா தலை பாரமா இருக்கு. வெளிய நின்னா லேசாகுது."

"ஆகும், ஆகும். கோட்டுப் பை, பூட்ஸ், பூந்தொட்டி எல்லாம் தேடிட்டேன். ஒரு துண்டு சிகரெட் கிடைக்கல. அவ்வளவு கெட்டிக்காரர். இந்த மனுஷன் கவலையில எனக்குத் தினம் மண்டையிடி. என் கூண்டுக்கிளியும் போய்ச் சேர்ந்துடுச்சு."

"கிளிக்கு வயசாயிடுச்சு" என்றார் நெவில்.

லொரெய்னுக்கு அலுப்பாக இருந்தது. வெளியே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். படிவத்தை எடுத்தாள். ஏழு கேள்விகள். கடைசிக் கேள்வி, நிஜமாகவே புகை பிடிக்காதவர்களுக்கு. அதை அவள் வாய்விட்டுக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"சரி சிஸ்டர்" என்றார் நெவில் திடீரென்று. "பிடிச்சேன்னே எழுதிக்குங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"உங்களுக்கு எத்தனை வேணும்? பத்துன்னு போடுங்க. ஒத்துகிட்டா இன்னொரு சான்ஸ் தருவீங்கன்னு வெளிய ஒருத்தர் சொன்னார்."

"சிகரெட்டை விடற வகுப்புக்கு எட்டு வாரம் வரணும். வந்தா பேர் லிஸ்ட்லயே இருக்கும்."

"வர்றேன். நடக்க முடியலேன்னா தவழ்ந்தாவது வர்றேன்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் மிச்சம்" என்றாள் லொரெய்ன்.

"பார்த்தீங்களா, வாயாலயே ஒத்துகிட்டார்." டோரீன் கையை நீட்டினாள். "கொடுங்க சிஸ்டர் அதை. சுத்தமான மூச்சு எப்படி இருக்கும்னு இவருக்குக் காட்டறேன். என் ஜென்மத்துல ஒரு இழுப்பு இழுத்ததில்ல."

மறுத்துப் பேசக்கூட லொரெய்னுக்குத் தெம்பில்லை. புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தாள். டோரீன் மூச்சைப் பிடித்து, நிதானமாக ஊதினாள்.

சிவப்பு. இருபத்தெட்டு.

நெவில் மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். கோபமில்லை.

"எப்பலேருந்து டோரீன்? சொல்லியிருக்கலாமே. நான் என்ன திட்டவா போறேன்?"

"சத்தியமா இல்ல நெவில். சத்தியமா நான் தொட்டதே..."

பாதியில் நிறுத்திவிட்டாள். நாலு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் அதையேதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

லொரெய்ன் மீட்டரைப் பார்த்தாள். திறந்திருந்த கைப்பையில் காலியாகிக்கொண்டிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள்.

"மிஸஸ் அக்ராய்ட், இந்தத் தலைவலி எப்பலேருந்து?"

"அக்டோபர்லேருந்து. குளிர் ஆரம்பிச்சதுலேருந்து."

"வீட்ல எங்க உட்காருவீங்க?"

"முன்னறையிலதான். ஜன்னலெல்லாம் மூடிட்டு, கேஸ் ஹீட்டர் பக்கத்துல, நாள் பூரா. இவரை விட்டுட்டு எங்க போறது?"

லொரெய்ன் எழுந்து நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகாதீங்க. கீழே எமர்ஜென்ஸிக்குப் போகணும், நானே கூட்டிட்டுப் போறேன். உங்க ஹீட்டர்லேருந்து விஷவாயு வருது. சிகரெட் புகையில இருக்கிற அதே வாயுதான். அதுக்கு வாசனையே கிடையாது."

"அப்போ இவர்..." என்றாள் டோரீன். நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய போய் நின்னதாலதான் அவருக்குப் பதினாறோட போச்சு."

லொரெய்ன் கேஸ் அவசர எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்க, நெவிலின் ஃபைலை இழுத்துப் பிரித்தாள். பழைய படிவங்கள் இரண்டு.

ஏழாவது கேள்வி: "புகை பிடிக்காதவர் என்றால், வீட்டில் கேஸ் ஹீட்டர் உண்டா? மற்ற யாருக்கேனும் தலைவலி உண்டா?"

இரண்டிலும் பதில் இருந்தது, அவள் கையெழுத்திலேயே: "கேட்டேன். இல்லை என்றார்."